பயோவும் பிடிக்கும் பிஸ்னஸும் பிடிக்கும், ஏ.எல் (உயர்தரம்) எதுல சேரலாம்?

தலவாக்கலை_பொண்ணு:
வணக்கம் எல்லாருக்கும். ஓ.எல் (சாதாரண தரம்) ரிசல்ட் வந்துருச்சு, சயன்ஸ் மெத்ஸ் ரெண்டுமே ஏ. சின்னதுல இருந்தே தேயிலை ஆராய்ச்சி நிலையம் பக்கமாத்தான் ஸ்கூலுக்கு போவேன், அதனாலயோ என்னமோ செடி, பூச்சி, நோய் இதெல்லாம் படிக்க ஆசை. ஆனா அதே அளவுக்கு கொழுந்து பறிக்கிறதுல இருந்து ஏலம் வரைக்கும் யாருக்கு எவ்வளவு காசு போகுதுன்னும் தெரிஞ்சுக்கணும், ஒரு நாள் சொந்தமா ஏதாவது செய்யணும். அப்பா பயோன்னா டொக்டர் ஆகணும், இல்லாட்டி கொமர்ஸ் எடுத்து பேங்க் வேலைக்கு போன்னு சொல்றாரு. ரெண்டையும் சேர்த்து படிக்கிற மாதிரி கெம்பஸ்ல ஏதும் இருக்கா? கொமர்ஸ் எடுத்துட்டு பிறகு பயோ பக்கம் வரலாமா? கண்டி ஸ்கூல்ல சேரலாமான்னும் யோசிக்கிறோம்.

பேராதனை_எக்ரி:
தங்கச்சி, கொமர்ஸ் எடுத்தா பிறகு பயோ டிகிரி பக்கம் வரவே முடியாது, கெமிஸ்ட்ரி பயோலொஜி இல்லாம அந்த கோர்ஸ் ஒண்ணுக்கும் அப்ளை பண்ண ஏலாது. ஆனா பயோ எடுத்துட்டு பிஸ்னஸ் படிக்கலாம், அதுக்கு வழி இருக்கு, நான் அந்த வழியாத்தான் வந்தேன்.

பேராதனை பல்கலைக்கழக விவசாய பீடத்துல விவசாய தொழில்நுட்பமும் முகாமைத்துவமும்னு ஒரு டிகிரி இருக்கு, நாலு வருஷம். மொதல்ல மண், பயிர், பூச்சி, நோய்னு எல்லாத்தையும் படிச்சிட்டு பிறகு ஒரு துறையில கூடுதலா போகலாம், அங்க விவசாயப் பொருளியலுக்கும் வணிக முகாமைத்துவத்துக்கும் தனியா ஒரு துறையே இருக்கு. மார்க்கெட்டிங், கணக்கு, பண்ணை முகாமை எல்லாம் அதுல வரும். 1946ல கொப்புள நோய், அதாவது தேயிலை இலையில கொப்புளம் போடுற பூஞ்சை நோய், இலங்கைக்கு வந்தப்போ அது தாக்கினது இளங்கொழுந்தை, அதாவது தோட்டத்தோட வருமானத்தையே, இப்பவும் மழை மூட்டம் வந்தா மருந்தடிக்கணும், அந்த மருந்துக்கும் கூலிக்கும் எவ்வளவு, அடிக்காட்டி எவ்வளவு கொழுந்து போகும்னு கணக்கு பாக்க ரெண்டும் தெரிஞ்ச ஆள் வேணும். உங்க ஆசை அந்த இடத்துலதான் இருக்கு. அப்பாகிட்ட இதை சொல்லுங்க.

இன்னொண்ணு, வெறும் பயோலொஜி மட்டும் ஆசைன்னா சயன்ஸ் பீடம், மூணு வருஷ ஜெனரல் இல்லாட்டி நாலு வருஷ ஒனர்ஸ். தாவரவியல், விலங்கியல் எல்லாம் இருக்கு, பிஸ்னஸ் பாடம் அங்க கம்மிதான்.

பதுளைக்காரன்:
அக்கா சொன்னது சரி, ஆனா எங்க பதுளை ஊவா வெல்லஸ்ஸவை விட்டுட்டீங்களே! 2005ல ஆரம்பிச்ச கெம்பஸ், தேயிலை தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும்னு டிகிரியே இருக்கு. கொழுந்தை வெறுமனே வித்துடாம அதை எப்படி கூடின விலைக்கு பொருளாக்கி விக்கிறதுங்கிறதுதான் பெறுமதி சேர்த்தல், தங்கச்சி கேக்கிறதும் அதுதானே.

எல்லாம் இங்கிலிஷ் மீடியம், இப்பவே இங்கிலிஷை பிடிச்சுக்கங்க. தமிழ்ல ஏ.எல் செஞ்ச நம்ம புள்ளைங்க பாடம் தெரியாம இல்ல, மொத வருஷம் லெக்சர் வேகத்துக்கு எழுத முடியாமத்தான் திணறுறாங்க.

கெமிஸ்ட்ரி_மாஸ்டர்:
மகள், நான் ஹட்டன் பக்கம் படிப்பிக்கிறவன். முதல்ல பாக்க வேண்டியது உங்க ஸ்கூல்ல கெமிஸ்ட்ரிக்கும் பிசிக்ஸுக்கும் நிரந்தரமா ஆசிரியர் இருக்காங்களான்னுதான். தோட்டப்பக்க ஸ்கூல்கள்ல பயோ பிரிவு இருக்கும், ஆசிரியர் இருக்க மாட்டாங்க, நல்ல புள்ளைங்க டியூஷனுக்கு பஸ்ல அலைஞ்சே களைச்சு போறதை வருஷா வருஷம் பாக்கிறேன், மனசு கேக்கல. உங்க ஸ்கூல்ல ஆசிரியர் இல்லாட்டி, ஆசிரியர் இருக்கிற ஸ்கூலுக்கு இப்பவே மாறுங்க.

ஆனா கண்டிக்கு மாறுறதுன்னா யோசிங்க. கெம்பஸுக்கு புள்ளைங்களை எடுக்கிறது 40 வீதம் அகில இலங்கை திறமைக்கு, 55 வீதம் மாவட்ட கோட்டா, 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அந்த பின்தங்கின பட்டியல்ல இருக்கு, கண்டி இல்ல. உங்க மாவட்டம் எதுன்னு முடிவாக கடைசி மூணு வருஷம் படிச்ச ஸ்கூலை பாப்பாங்க. முடிஞ்சா ஹட்டன், நுவரெலியா டவுன் ஸ்கூல்லயே இடம் தேடுங்க.

பிசிக்ஸுக்கு பதிலா விவசாயம் எடுக்கலாம், ஆனா எடுத்தா மெடிசின் கிடையாது, அதுக்கு பிசிக்ஸ் கட்டாயம். அப்பாவோட ஆசையும் இருக்கிறதால பிசிக்ஸையே எடுங்க. மூணு பாடமும் ஒரே தடவையில பாஸ் ஆகணும், பொது அறிவு பேப்பர்ல 30க்கு குறையாம எடுக்கணும், அதை சும்மான்னு விட்டுடாதீங்க.

தலவாக்கலை_பொண்ணு:
ரொம்ப நன்றி சேர், அக்கா, அண்ணா. மாவட்ட விஷயம் வீட்ல யாருக்கும் தெரியாது, கண்டி ஸ்கூலுக்கு போம் எடுக்க இருந்தோம், நிறுத்திட்டேன். அக்கா, ஏ.எல் முடிஞ்சு ரிசல்ட் வர்ற வரைக்கும் இருக்கிற நேரத்துல எக்கவுண்டிங் ஏதாவது படிக்கலாமா?

பேராதனை_எக்ரி:
தாராளமா. ஏஏடி, சீமா மாதிரி எக்கவுண்டிங் கோர்ஸ் எல்லாம் கொமர்ஸ் செஞ்சவங்களுக்கு மட்டும் இல்ல, பயோ புள்ளைங்களும் படிக்கலாம். ஆனா ஏ.எல் முடியிற வரைக்கும் கெமிஸ்ட்ரியை விட்டு வேற எதையும் தொடாதீங்க தங்கச்சி. யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) கைநூல் நெட்லயே இருக்கு, இந்த வாரமே அப்பாவோட உக்காந்து பாருங்க.