பைபிள் மேல் சத்தியம் பண்ணச் சொன்னார்கள், நான் பண்ணவில்லை

ஆம்பூர்க்காரி:
2019க்கு முன்னால், ஆம்பூர் வேலூர் மாவட்டத்தில் இருந்தபோது நடந்தது. ஒரு ஷூ கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கான தோல், அப்பர் லெதர், கட்டுக் கட்டாக வரும், ஒவ்வொரு தோலின் பின்பக்கமும் எத்தனை சதுர அடி என்று போட்டிருக்கும், அதையெல்லாம் கூட்டி ரெஜிஸ்டரில் ஏற்றி, கட்டிங்குக்குக் கொடுக்கும்போது ஸ்லிப்பில் கையெழுத்து வாங்கணும். ஒருநாள் ஸ்டாக் எடுத்தால் ஒரு கட்டு குறைகிறது. நான்தான் வெளியே கடத்திவிட்டேன் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "சர்ச்சுக்குப் போற பொண்ணுதானே, பைபிள் மேல கை வச்சு சத்தியம் பண்ணு, விட்டுடறோம்" என்றார். மாட்டேன் என்றேன். சத்தியமே பண்ணாதீங்க, ஆமாம்னா ஆமாம், இல்லைன்னா இல்லை என்று மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்னதை எங்கள் வீட்டில் அப்படியே கடைப்பிடிப்போம். அங்கே நின்றவர்களுக்கு அது புரியுமா? மடியில் கனம், அதான் பயப்படுறா என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அன்று ராத்திரி பைபிளில் 7ஆம் சங்கீதம் படித்தேன். கூஷ் என்கிற பென்யமீன் கோத்திரத்தான் பேசின பேச்சுக்காகத் தாவீது ராஜா பாடினது என்று தலைப்பிலேயே இருக்கும். காப்பாற்றும் என்று கேட்ட கையோடு, நான் இதைச் செய்திருந்தால் பகைவன் என்னைப் பிடித்துத் தரையில் போட்டு மிதிக்கட்டும் என்கிறான் தாவீது. மனுஷர் முன்னால் நான் மறுத்ததை ஆண்டவர் முன்னால் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. பாவமே செய்யாதவள் என்று சொல்லவில்லை, என் மற்றக் குறையெல்லாம் அவருக்குத் தெரியும், ஆனால் இந்தத் தோல் விஷயத்தில் என் கை சுத்தம், நீரே என் மனசைப் புரட்டிப் பாரும் என்று கேட்டேன். இந்த ஒரு விஷயம் என்று எல்லை போட்டுக்கொண்டதால்தான் வாய் கூசாமல் கேட்க முடிந்தது.

மறுநாள் ஸ்லிப் அத்தனையும் எடுத்துக் காட்டினேன். கட்டு கிடைக்கவே இல்லை. வேலை போகவில்லை, பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். இன்றுவரை யாரும் நீ எடுக்கலைன்னு தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஜெபத்தில் முழங்கால் போடும்போது அந்தப் பயம் இல்லை.

குடியாத்தம் மருமகள்:
எங்கள் பக்கம் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள் அக்கா. சீட்டுப் பணத்தில் எங்கள் அத்தை மேல் பழி வந்தபோது கெங்கையம்மனைக் கும்பிட்டு, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார்கள். பொய்ப் பழி போட்டவர் குடும்பத்தை அம்மன் சும்மா விடமாட்டாள் என்று ஊரே சொல்லுமே, அதனால் கையை எடுத்ததும், "தாயே, அவங்க பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது"ன்னு வேண்டிக்கிட்டாங்க. பக்கத்தில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வாணியம்பாடி பாய்:
அநீதிக்கு ஆளானவருடைய துஆவுக்கும், அதாவது வேண்டுதலுக்கும், அல்லாஹ்வுக்கும் நடுவில் திரை இல்லை என்பது நபிமொழி. அக்கா, அந்த சூப்பர்வைசருக்காகவும் வேண்டுவீர்களா?

ஆம்பூர்க்காரி:
அது இன்னும் வரவில்லை பாய். அதே சங்கீதத்தில், வெட்டின குழியில் தானே விழுந்தான் என்று ஒரு வசனம் இருக்கு. அங்கே வரும்போது அவர் முகம்தான் ஞாபகம் வருது, சீக்கிரம் படித்துத் தாண்டிவிடுகிறேன்.