கிரெடிட் கார்டு இல்லாமல் வெளிநாட்டு ஹோட்டலில் டெபாசிட்: எதைக் கொடுப்பது?

வழிப்போக்கன்:
நான்கு இரவுக்கு அறை வாடகை முழுவதும் ஆன்லைனில் கட்டியாகிவிட்டது. ஆனால் உறுதிச்சீட்டின் அடியில் பொடி எழுத்தில் "செக்-இன் செய்யும்போது கிரெடிட் கார்டில் செக்யூரிட்டி டெபாசிட் பிடிக்கப்படும்" என்று இருக்கிறது. என்னிடம் இருப்பது ஒரு டெபிட் கார்டும், வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஒரு ஃபாரெக்ஸ் ப்ரீபெய்டு கார்டும்தான். எதைக் கொடுக்கலாம்? ரொக்கம் வாங்குவார்களா? வாடகையே கட்டிய பிறகு டெபாசிட் எதற்கு?

கணக்குப்பிள்ளை:
வாடகைக்கும் டெபாசிட்டுக்கும் சம்பந்தமில்லை. மினிபார், அறைக் கணக்கில் எழுதும் சாப்பாடு, உடைசல், தொலைந்த சாவி, இதற்கெல்லாம்தான் அது.

டெபிட் கார்டைப் பல ஹோட்டல்கள் வாங்கும். ஆனால் கிரெடிட் கார்டில் "ஹோல்டு" போட்டால், அதாவது தொகையை எடுக்காமல் நிறுத்தி மட்டும் வைத்தால், உங்கள் கடன் வரம்புதான் குறையும். டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணமே முடங்கும். இரவுக்கு 50 என்று பிடித்தால் நான்கு இரவுக்கு 200. அந்த 200 பாஸ்புக்கில் இருக்கும், எடுக்க முடியாது. பயணச் செலவுக்கு வைத்த கணக்கிலேயே இதைப் பிடிக்க விடாதீர்கள். முடிந்தால் வேறு கணக்கின் கார்டைக் கொடுங்கள்.

கிளம்பும் முன் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டு, கடைகளில் தேய்ப்பதற்கான தினசரி வரம்பையும் பாருங்கள். ஏடிஎம் வரம்பு வேறு, இது வேறு. கணக்கில் பணம் இருந்தும் கார்டு மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் வெளிநாட்டுப் பயன்பாடு திறக்காததோ இந்த வரம்போதான் காரணம்.

ரிசப்ஷன்_ராத்திரி:
ஃபாரெக்ஸ் கார்டை டெபாசிட்டுக்கு நம்பாதீர்கள். கார்டு எண்ணின் தொடக்க இலக்கங்களிலேயே அது ப்ரீபெய்டு என்று தெரிந்துவிடும். சில ஹோட்டல்கள் அதைக் கொள்கையாகவே ஏற்பதில்லை. பெயர் அச்சிடாத கார்டு, ஆப்பில் மட்டும் இருக்கும் விர்ச்சுவல் கார்டு இரண்டுக்கும் அதே கதிதான்: பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் கார்டிலும் இருக்க வேண்டும் என்பார்கள். ஃபாரெக்ஸ் கார்டை இறுதி பில் கட்ட வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பிறகு சொல்லப்போகும் ஒரு நிபந்தனையோடு.

டெஸ்க்கில் கேட்க வேண்டியது ஒன்றே: "இது ப்ரீ-ஆதரைசேஷனா, சேலா?" கார்டு மெஷின் தரும் சீட்டிலும் அச்சாகியிருக்கும். ப்ரீ-ஆதரைசேஷன் (சுருக்கமாக ப்ரீ-ஆத்) என்றால் வெறும் ஹோல்டு. "சேல்" என்றால் பணம் உண்மையிலேயே போய்விட்டது. திரும்பி வருவது ரீஃபண்டாக. போகும்போது ஒரு மாற்று விகிதம், வரும்போது இன்னொன்று. வங்கி பிடித்த வெளிநாட்டுக் கட்டணமும் பெரும்பாலும் திரும்பாது. மெஷின் "உங்கள் நாட்டு நாணயத்திலா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். மற்றதில் மெஷின்காரர் வைக்கும் விகிதம் ஏறக்குறைய எப்போதும் மோசம்.

இப்போது அந்த நிபந்தனை. டெபிட் கார்டில் ஹோல்டு இருக்க, செக்-அவுட்டில் வேறு கார்டில் பில் கட்டினால் பழைய ஹோல்டு தானாகப் போகாது. அதே கார்டில் கட்டினாலும், ஊழியர் ஹோல்டை "கம்ப்ளீட்" செய்யாமல், அதாவது அந்த ஹோல்டிலிருந்தே பில் தொகையை எடுக்காமல், புதிதாகச் சேல் போட்டால் இரண்டு தொகையும் சேர்ந்து முடங்கும். "அந்த ப்ரீ-ஆத்திலேயே முடியுங்கள்" என்றோ "அதை வாய்டு (ரத்து) செய்து சீட்டு கொடுங்கள்" என்றோ அங்கேயே கேளுங்கள்.

வழிப்போக்கன்:
வாய்டு செய்தும் பணம் திரும்பாவிட்டால்? ரொக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

கணக்குப்பிள்ளை:
ஹோட்டல் விடுவித்தாலும் டெபிட் கணக்கில் தெரியச் சில வேலை நாட்கள் ஆகும். விடுவிக்கவே இல்லையென்றால் ஹோல்டு காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். தங்குமிட ஹோல்டு 30 நாள் வரைகூட நிற்கலாம். அவசரமென்றால் சீட்டிலுள்ள அப்ரூவல் கோட், தேதி, தொகை, கார்டின் கடைசி 4 இலக்கம் நான்கையும் போட்டு "விடுவிக்கிறோம்" என்று ஹோட்டலிடம் கடிதம் வாங்கி உங்கள் வங்கிக்கு அனுப்புங்கள். வெறும் "பணம் வரவில்லை" புகாருக்கு வங்கி அசையாது. அதனால் அந்தத் துண்டுச் சீட்டை எறியாதீர்கள்.

ரிசப்ஷன்_ராத்திரி:
ரொக்கம் ஹோட்டலுக்கு ஹோட்டல் மாறும். கார்டைவிட அதிகத் தொகை கேட்பதும் உண்டு. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வையுங்கள். தொகை, நாணயம், அறை எண், கையெழுத்து எல்லாம் உள்ள ரசீது வேண்டும். விடியற்காலை விமானம் என்றால் முதல்நாள் மாலையே சொல்லுங்கள். இரவு ஷிப்டில் கல்லாவில் அவ்வளவு பணம் இல்லாமல் போகலாம்.

அதே மின்னஞ்சலில் "மினிபாரைப் பூட்டிவிடுங்கள், அறைக் கணக்கில் எதையும் எழுத வேண்டாம், டெபாசிட்டைக் குறைக்க முடியுமா" என்றும் கேட்டுப் பாருங்கள். சிறிய ஹோட்டல்கள் சில சமயம் இறங்கி வரும்.

தாழ்வாரம்:
ஒரு சேர்க்கை. உறவினரின் கிரெடிட் கார்டில் டெபாசிட் போட விரும்பினால் ஹோட்டல் தரும் மூன்றாம் நபர் அனுமதிப் படிவத்தைப் பயணத்துக்கு முன்பே கார்டுக்காரர் நிரப்பி அனுப்ப வேண்டும். அவர் கார்டை நீங்கள் கையில் கொண்டுபோய் நீட்டினால் மறுப்பார்கள். படிவத்தோடு சிவிவி எண்ணையும் மின்னஞ்சலில் கேட்டால் கொடுக்காதீர்கள். பாதுகாப்பான பேமெண்ட் லிங்க் அனுப்பச் சொல்லுங்கள்.

வங்கி வழி டிரான்ஸ்ஃபர் மட்டும் வேண்டாம். இடைநிலை வங்கிகள் வழியில் கட்டணம் கழித்துக்கொள்ளும், ஹோட்டலுக்குக் குறைவாகப் போய்ச் சேரும், திரும்பி வரும்போதும் மறுபடி கழியும்.