மறு: மீன்தொட்டி விளக்கைத் தொங்கவிடும் சாமானுக்கு என்ன பெயர்?

வணக்கம்.

> 'தொங்குவிளக்கு' என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும், மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்குவதும் அதுதான், கோயிலில் சங்கிலியில் தொங்குவதும் அதுதான். தவிர, கேள்வி விளக்கைப் பற்றியதே அல்ல. விளக்கு விளக்குதான், ஒரு எல்.இ.டி. பட்டை. அதைத் தொட்டி விளிம்பில் உட்காரவைக்காமல் கூரையிலிருந்து இறக்குகிறோமே, அந்தக் கம்பி, கொக்கி, பிடி எல்லாம் சேர்ந்த சாமானுக்குத்தான் பெயர் இல்லை. கடையில் ஹேங்கிங் கிட் என்கிறார்கள். எனக்கு வந்த பெட்டிக்குள் இருந்த தமிழ்த் தாளில் 'ஒளி இடைநீக்கக் கருவி' என்று போட்டிருந்தது. விளக்கு என்ன தப்பு செய்தது, யார் விசாரித்தார்கள் என்று வீட்டில் இரண்டு நாள் சிரிப்பு.

'தூங்குவிளக்கு' என்ற யோசனை எனக்குப் பிடித்தது. தூங்கு என்றால் தொங்கு என்பது பழைய பொருள், தூங்கணாங்குருவியில் இன்னும் இருக்கிறது. ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் படுக்கையறையில் எரியும் ஜீரோ வாட் பல்புதான் நினைவுக்கு வரும். 'தூக்குவிளக்கு' வேண்டவே வேண்டாம். தூக்குவாளி இல்லையா என்பீர்கள்; வாளியைக் கையில் தூக்குகிறோம், இதை உத்தரத்தில் மாட்டுகிறோம், உத்தரம் வந்ததும் 'தூக்கு' வேறு மாதிரி ஒலிக்கிறது.

என் சொல் உறி. பாட்டி வீட்டு அடுக்களையில் உத்தரத்திலிருந்து ஒரு கயிறு இறங்கி, மூன்றாகப் பிரிந்து, பிரிமணை மாதிரி ஒரு வளையத்தில் முடியும். அதில் வெண்ணெய்ச் சட்டி. என் விளக்கின் ஒவ்வொரு முனைக்கும் வந்த சாமானும் அப்படித்தான்: மேலே ஒரே கொக்கி, கீழே இரண்டு கால். அங்கே பூனைக்கு எட்டக்கூடாது, இங்கே தண்ணீருக்கு. உறி அடியிலிருந்து தாங்கும், இது மேலேயே பிடிக்கிறதே என்று ஒருவர் கேட்டார். சரிதான், ஆனால் மின்விசிறியை யாரும் கையில் பிடித்து விசிறுவதில்லையே.

அப்புறம், உறி குட்டி போடும். உறிக்கொக்கி, உறிக்கம்பி, உறிப்பிடி. இந்தப் பிடிதான் முக்கியம்: சுண்டுவிரல் நுனி அளவு பித்தளைக் குழல், அதன் முனையை உள்ளே அழுத்தினால் கம்பி வழுக்கிக்கொண்டு நகரும், விட்டால் விளக்கின் எடையே இழுத்து இறுக்கிக்கொள்ளும். புதிதாகச் செடி நட்ட மாதம் என் இரண்டடித் தொட்டியில் கண்ணாடி முழுக்கப் பாசி. வெளிச்சம் குறையட்டும் என்று விளக்கை 20 செ.மீ. உயரத்திலிருந்து 40க்கு ஏற்றி, எரியும் நேரத்தையும் 6 மணியாகக் குறைத்த பிறகுதான் மெல்ல அடங்கியது. இதைச் சொல்லிப் பாருங்கள்: 'உறிப்பிடியைத் தளர்த்தி விளக்கை ஒரு சாண் ஏற்றவும்.' இடைநீக்கத்தை வைத்து இதே வரியை எழுதிக் காட்டுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

சொல்லோடு சம்பந்தமில்லாத ஒன்று, மாட்டப்போகிறவர்களுக்காக. முதல்முறை நான் ஃபால்ஸ் சீலிங்கின் ஜிப்சம் பலகையிலேயே கொக்கிகளை முறுக்கிவிட்டேன். விளக்கு இரண்டு கிலோகூட இல்லை, நாலாம் நாள் ராத்திரி ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு வந்து தண்ணீருக்கு நாலு விரல் மேலே சாய்ந்து நின்றது. பிறகு பலகைக்கு மேலே இருக்கும் கான்கிரீட்டில் 6 மி.மீ. துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டினேன். அதனால் உறிக்கொக்கி என்றால் கான்கிரீட்டில் இருப்பது என்று வரையறையிலேயே சேர்த்துவிடலாம்!

இன்னொன்றுக்கும் பெயர் வேண்டும். மின்வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்றுகிறோம், வயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் வளைவின் அடியிலேயே சொட்டிவிடட்டும் என்று. 'சொட்டுவளைவு' என்று எழுதி வைத்திருக்கிறேன், நன்றாக இல்லையென்றால் திருத்துங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உறியை விளக்கோடு சேர்த்து 'விளக்குறி' என்று எழுதாதீர்கள், ஏதோ நிறுத்தற்குறி என்று நினைத்துப் படிப்பார்கள். 'விளக்கு உறி' என்று பிரித்தே இருக்கட்டும். வல்லின றகரம் போடுங்கள், இல்லையென்றால் வாழைப்பழம் ஆகிவிடும்.