1889 மாடல் பிரஷ்யக் குதிரைப்படை வாள்: அசல்தானா?

ஜெர்மன் ராணுவ வாள்கள் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள். பெர்லின் பழம்பொருள் சந்தையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், கைக்காப்பில் பிரஷ்யக் கழுகு, அலகின் முதுகில் கிரீடத்தோடு ‘டபிள்யூ’, கீழே 91, கைப்பிடிக்கு அருகே, வாளுக்குப் பேர்போன ஜெர்மன் ஊரான சோலிங்கனின் பட்டறை முத்திரை. ‘டபிள்யூ’ என்றால் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் காலம், 91 என்றால் 1891, அதுவரை சரி. ஆனால் சுற்றிலும் துரு அரித்துக் குழி விழுந்திருக்க, அந்த 91 மட்டும் நேற்று அடித்ததுபோல் கூர்மையாக இருப்பதுதான் உறுத்துகிறது. அப்புறம், கைக்காப்பில் இருப்பது உலான் (ஈட்டிக் குதிரைப்படை) ரெஜிமென்ட் குறி, உறையில் டிரகூன் (வேறொரு வகைக் குதிரைப்படை) குறி. படையிலேயே உறை மாறியிருக்குமா, இல்லை பின்னால் யாரோ ஜோடி சேர்த்ததா? முத்திரைகளின் படங்களைப் போட்டிருக்கிறேன். அலகை யாரும் மெருகேற்றிக் கெடுக்கவில்லை, அதனால் விட மனசில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் விற்பவரிடம் பதில் சொல்ல வேண்டும், பார்த்துச் சொல்லுங்கள்.