மெட்ரோபோலிஸ் நூற்றாண்டு: எந்த வடிவத்தைத் திரையிடுவது?

கேள்வி – திரைச்சங்க அமைப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ஜெர்மானிய மௌனப் படமான ‘மெட்ரோபோலிஸ்’ 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அந்த நாளின் நூற்றாண்டை ஒட்டி எங்கள் சிறிய திரைப்படச் சங்கத்தில் இதைத் திரையிட விரும்புகிறோம். எந்த வடிவத்தைத் தேர்வது என்பதில்தான் உறுப்பினர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. 1984இல் இசையமைப்பாளர் ஜார்ஜியோ மொரோடர் வண்ணச் சாயலும் ராக் பாடல்களும் சேர்த்து வெளியிட்ட வடிவம் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவானது. 2001இல் வந்தது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். காணாமல் போயிருந்த காட்சிகளையும் சேர்த்து 2010இல் வந்தது இரண்டரை மணி நேரத்தை நெருங்குகிறது. மௌனப் படத்துக்குப் பழகாத பார்வையாளர்களை அவ்வளவு நேரம் உட்கார வைக்க முடியாது என்று சிலர் தயங்குகின்றனர். 2010 வடிவத்தில் சேர்ந்த காட்சிகள் படத்தின் பொருளையே மாற்றுகின்றனவா, அல்லது நீளத்தை மட்டும் கூட்டுகின்றனவா? வெளிவந்த ஆண்டிலேயே ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் இதை அறிவுக்குப் பொருந்தாத படம் என்று கடுமையாகச் சாடினார் என்பதால், அந்த விமர்சனம் இன்றும் நிற்குமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் – நிழலும் ஒளியும்

பொருளையே மாற்றுகின்றன என்பதுதான் என் உறுதியான கருத்து. முதல் திரையிடலில் 4,189 மீட்டர் நீளமிருந்த படத்தை, அதைத் தயாரித்த ஊஃபா நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்த பாரமவுண்ட் நிறுவனம் அமெரிக்க வெளியீட்டுக்காக சானிங் பொல்லாக் என்ற நாடகாசிரியரைக் கொண்டு வெட்டித் திருத்தியது. அதே ஆண்டிலேயே ஜெர்மனியிலும் படம் திரும்பப் பெறப்பட்டுச் சுருங்கிய வடிவில் மீண்டும் வெளியானது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இவ்வாறு மறைந்தது. வெட்டியவர்கள் எடுத்தது வெறும் துணைக் காட்சிகளாக இருந்திருந்தால் இழப்பு பெரிதாக இருந்திராது. அவர்கள் கதையின் வேரையே எடுத்துவிட்டார்கள்.

அந்த வேரின் பெயர் ஹெல். மேலே செல்வர்களும் நிலத்தடியில் தொழிலாளர்களும் வாழும் நகரத்தின் அதிபதி யோ ஃபிரெடர்சனின் மனைவி அவள்; அவர்களுடைய மகன் ஃபிரெடரைப் பெற்றெடுத்தபோது இறந்துவிட்டவள்; அதற்கு முன்பு விஞ்ஞானி ரோட்வாங்கால் காதலிக்கப்பட்டவள். ரோட்வாங் தன் வீட்டில், திரைச்சீலைக்குப் பின்னால், அவளுக்கு ஒரு மாபெரும் கற்சிலையை வைத்திருக்கிறான். இயந்திரப் பெண்ணை அவன் உருவாக்குவது இறந்துபோன ஹெல்லை மீண்டும் உயிர்ப்பிப்பதற்காக. அந்த முயற்சியில் ஒரு கையையே இழந்தவன் அவன். ஆங்கிலத்தில் அந்தப் பெயர் நரகத்தை நினைவூட்டும் என்று அஞ்சி அமெரிக்க வடிவத்தில் ஹெல்லை முழுவதுமாக நீக்கியபோது, ரோட்வாங் காரணமற்ற ஒரு பைத்தியக்கார விஞ்ஞானியாகச் சுருங்கிப்போனான். இறுதியில் கதீட்ரலின் கூரைவரை, தொழிலாளர்களுக்கு வழிகாட்டும் பெண்ணான மரியாவை அவன் துரத்துவது ஏன் என்று பல தலைமுறைப் பார்வையாளர்களுக்கு விளங்கவே இல்லை. முழு வடிவத்தில் விடை தெளிவாக இருக்கிறது: அடிபட்டு மனம் கலங்கிய நிலையில் அவன் மரியாவை ஹெல் என்றே நம்புகிறான்.

இதைப் போலவே மூன்று மனிதர்களும் திரும்பக் கிடைத்திருக்கிறார்கள்: ஃபிரெடருடன் உடை மாற்றிக்கொள்ளும் தொழிலாளி 11811, வேலையிலிருந்து நீக்கப்பட்ட செயலாளர் யோசஃபாட், அவர்களைப் பின்தொடரும் மெலிந்த ஒற்றன். இவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர் 11811தான். பணக்கார உடையை அணிந்து காரில் அமர்ந்த சில நிமிடங்களிலேயே யோஷிவாரா கேளிக்கை விடுதியின் ஆசை அவனை இழுத்துக்கொள்கிறது. மேலிருப்பவர்களின் நகரம் ஒரு தொழிலாளியின் மனத்தில் என்ன செய்யும் என்பதை வேறெந்தக் காட்சியும் இவ்வளவு நேரடியாகச் சொல்வதில்லை.

பதில் – பழைய படச்சுருள்

காட்சிகள் கிடைத்த வரலாற்றையும் திரையிடலுக்கு முன் பார்வையாளர்களுக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் படத்தின் நடுவே தோற்றம் மாறுவது அவர்களைக் குழப்பும். 1928இல் அர்ஜென்டினாவுக்கு வந்த முழுநீளப் பிரதி ஒன்று பின்னர் ஒரு விமர்சகரின் சேகரிப்பில் சேர்ந்தது. தீப்பற்றக்கூடிய அந்த நைட்ரேட் சுருளை, தேய்ந்த கீறல்களோடு அப்படியே 16 மி.மீ. நெகட்டிவாகப் படியெடுத்து வைத்திருந்தார்கள். அந்த நெகட்டிவ் புவெனோஸ் ஐரஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் இருப்பது 2008இல் அடையாளம் காணப்பட்டது. சுமார் 25 நிமிடக் காட்சிகள் அதிலிருந்து மீண்டன. கீறல்கள் படத்தோடு சேர்ந்தே பதிந்துவிட்டதால் அவற்றை முழுவதுமாக நீக்க இயலவில்லை. சட்டகத்தின் ஒரு பகுதியும் படியெடுக்கும்போது வெட்டுப்பட்டதால், அந்தக் காட்சிகள் கறுப்பு விளிம்போடு சற்றுச் சிறியனவாகத் தெரியும். மற்ற பகுதிகளின் பளிச்சென்ற தெளிவுக்கு நடுவே மழை பெய்வதுபோல் கோடுகள் ஓடும்போது, எது எண்பது ஆண்டுகள் காணாமல் போயிருந்தது என்பதைப் பார்வையாளர் தம் கண்ணாலேயே அறிந்துகொள்கிறார். இதை ஒரு குறையாக நான் கருதவில்லை.

இன்னும் இரண்டு காட்சிகள் கிடைக்கவில்லை. கதீட்ரலில் துறவி ஒருவர் பேருரை ஆற்றுவதும், ஃபிரெடர்சனும் ரோட்வாங்கும் மோதிக்கொள்வதும் எழுத்து அட்டைகளால்தான் நிரப்பப்பட்டுள்ளன.

இசையைப் பற்றி ஒரு வேண்டுகோள். கோட்ஃபிரீட் ஹுப்பெர்ட்ஸ் 1927இல் அமைத்த இசைக்குறிப்பில் எந்தக் காட்சிக்கு எந்த இடம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. காட்சிகளின் சரியான வரிசையை மீட்டமைத்தவர்களுக்கு அதுவே வழிகாட்டியது. எனவே அந்த இசையோடு கூடிய பிரதியையே தேர்ந்தெடுங்கள். மொரோடரின் வடிவத்தை வேறொரு நாள் தனியாகப் பார்க்கலாம். நூற்றாண்டு நாளுக்கு அது பொருந்தாது. மீட்டமைக்கப்பட்ட பிரதிக்கும் இசைப்பதிவுக்கும் உரிமையாளர்கள் தனியாக இருப்பதால் முன்கூட்டியே அனுமதி பெறுவதும் அவசியம்.

பதில் – வடக்கு வீதி வாசகர்

முதல் பதிலுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆயினும் வெல்ஸ் பற்றிய கேள்விக்கு நேர்மையான விடை வேறு என்று நினைக்கிறேன். ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குச் சென்றது வெட்டப்பட்ட வடிவமே என்பதால், அவருடைய கோபத்தை வெட்டியவர்கள் மீது சுமத்துவது எளிது. ஆனால் அவருடைய அடிப்படை மறுப்பு ஹெல்லைப் பற்றியதன்று. இயந்திரங்கள் பெருகினால் அடிமை உழைப்பு குறையும், உற்பத்தியான பொருள்களை வாங்க வசதியுள்ள மக்களும் தேவைப்படுவார்கள், அப்படியிருக்க இயந்திரத்துக்கு உணவாகும் மனிதக் கூட்டம் எங்கிருந்து வருகிறது என்பதே அவர் கேட்டது. எத்தனை நிமிடங்களை மீட்டாலும் அந்தக் கேள்விக்குப் படத்தில் விடையில்லை.

முடிவும் அப்படியே. தலைக்கும் கைகளுக்கும் நடுவே இதயம் இணைப்பாளராக இருக்க வேண்டும் என்று சொல்லி, முதலாளியும் தொழிலாளர் தலைவனும் கதீட்ரல் வாசலில் கைகுலுக்குவதோடு எல்லாம் சமாதானமாகிவிடுகிறது. வேலை நேரமோ நிலத்தடிக் குடியிருப்போ மாறுமா என்று யாரும் கேட்பதில்லை. இந்த முடிவில் தமக்கு நிறைவில்லை என்று லாங் பிற்காலத்தில் வெளிப்படையாகவே கூறினார். திரைக்கதை எழுதிய தியா ஃபான் ஹார்பூ, அப்போது அவருடைய மனைவி. பின்னாளில் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், லாங் 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தக் கைகுலுக்கல் எனக்குக் கலக்கத்தையே தருகிறது.

அப்படியானால் ஏன் இன்றும் இதைப் பார்க்க வேண்டும்? கருத்துக்காக அன்று, கண் கண்டதற்காக என்பேன். பணிமுறை மாறும் நேரத்தில் தலைகுனிந்து ஒரே தாளத்தில் நடந்து செல்லும் இரண்டு வரிசைகள். வெடித்த இயந்திரம் வாய் பிளந்த தெய்வமாக மாறி மனிதர்களை விழுங்குவது. கடிகார முள்களைப் போன்ற கைப்பிடிகளோடு பத்து மணி நேரம் போராடும் உடல். வெள்ளம் புகும் காட்சியில் பெர்லினின் ஏழைப் பகுதிகளிலிருந்து அழைத்து வந்த நூற்றுக்கணக்கான குழந்தைகள் தண்ணீரில் நின்றார்கள். வானளாவிய கட்டடங்களுள் பல சிறு மாதிரிகளே. ஓய்கன் ஷுஃப்டான் உருவாக்கிய முறையில், சாய்வாக வைத்த கண்ணாடியில் வெள்ளிப் பூச்சைச் சில இடங்களில் சுரண்டி எடுத்துவிட்டு, மாதிரியின் பிம்பத்தையும் அதன் வழியே தெரியும் உண்மையான நடிகர்களையும் ஒரே சட்டகத்தில் பதிவு செய்தனர். கணினி இல்லாத காலத்தில் இந்த அளவு துல்லியம் வியக்கத்தக்கது.

கேள்வி கேட்டவர் – திரைச்சங்க அமைப்பாளர்

மூவருக்கும் நன்றி. 2010 வடிவத்தையே திரையிடப் பரிந்துரைக்கிறேன். படத்தில் மூன்று பகுதிகள் இருப்பதால், முதல் பகுதி முடிந்ததும் இடைவேளை விடலாம் என எண்ணுகிறேன். முடிவைப் பற்றிய விவாதத்தை முன்னுரையில் எழுப்புவதா, பின்னால் வைப்பதா?

பதில் – வடக்கு வீதி வாசகர்

பின்னால் வையுங்கள். முன்னுரையில் ஹெல்லைப் பற்றியும் புவெனோஸ் ஐரஸ் நெகட்டிவைப் பற்றியும் மட்டும் சொல்லுங்கள். அந்தக் கைகுலுக்கலைப் பார்வையாளர்கள் தாமாகவே பார்த்து, தம் கருத்தோடு விவாதத்துக்கு வரட்டும். இடைவேளை குறித்த உங்கள் யோசனை சரியானதே.