எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ்ல படிப்புக்கும் வேலைக்கும் வழி கேட்டுப் போனவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

வைகைக்கரை:
வீட்டுக்காரர் போன பிறகு வேலைக்குப் போயே ஆகணும். பத்தாவது பாஸ், வயசு 43. ஆபீஸ் பேருலயே "தொழில்நெறி வழிகாட்டும் மையம்"னு சேர்த்திருக்காங்களே, அதை நம்பித்தான் போனேன். கவுன்டர்ல "புதுப்பிக்கவா, புதுப் பதிவா?"ன்னார். ரெண்டும் இல்ல சார், இனிமே என்ன படிச்சா வேலை கிடைக்கும்னு கேக்க வந்தேன்னேன். பேனாவைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்து பார்த்தார். "இந்த வயசுல என்னம்மா படிப்பு? தையல் மிஷின் ஏதும் குடுக்கறாங்களான்னு பாருங்க." பின்னாடி வரிசையில காலேஜ் புள்ளைங்க. எல்லாம் கேட்டுக்கிட்டு நின்னுச்சுங்க. அரசு ஐடிஐல பெண்களுக்கு வயசு வரம்பே இல்லைன்னு ஒரு நோட்டீஸ் பார்த்துத் தெரிஞ்சப்ப, அட்மிஷன் முடிஞ்சிருந்தது.

சாக்பீஸ் டீச்சர்:
பிளஸ் டூ ரிசல்ட் அன்னைக்கு, கணக்குல ஃபெயிலான பையன் ஸ்டாஃப் ரூம் வாசல்லயே நின்னான். பள்ளிக்கல்வி உதவி எண் 14417க்கு நானே போன் போட்டுக் கையில குடுத்தேன். எடுத்தவங்க மார்க்கைக் கேக்கல, "தம்பி, சாப்பிட்டியா?"ன்னாங்க. அப்பதான் அழுதான். துணைத் தேர்வு பத்தி அப்புறம்தான் பேச்சு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இருக்கு, 2022ல இருந்து படிப்பு, வேலைக்கு வழிகாட்டற நான் முதல்வன் திட்டம் இருக்கு. அக்கா மாதிரி 43ல கேக்கறவங்களுக்கு யாரு?

ரிட்டையர்டு_58:
வைகைக்கரை அம்மா, அந்த எழுத்தரைக் குறை சொல்றது நியாயமில்லை. பதிவுதான் அவர் சீட். நானும் அந்தத் துறைதான். சான்றிதழ் கட்டோட ஒருத்தர் "என் சீனியாரிட்டி எப்ப சார் வரும்?"னு கேட்டது இன்னும் மனசுல நிக்குது. சரி, நீங்க செய்ய வேண்டியதைச் சொல்றேன். அடுத்த தடவை அலுவலரையே நேரா பாருங்க. பதிவை மூணு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், விட்டுடாதீங்க. ஐடிஐ ரெண்டு வருஷ டிரேடு எடுத்தா பாலிடெக்னிக்ல நேரடியா ரெண்டாம் வருஷம் சேரலாம். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது போதும். ஆதரவற்ற விதவைச் சான்றிதழ் வாங்கினா வயசுச் சலுகை உண்டு, ஆனா 43க்கு அது பொருந்துமான்னு அறிவிப்பைப் பார்த்துக்கோங்க. தன்னார்வப் பயிலும் வட்டத்துல இந்த மாதிரித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடக்குது, அதே ஆபீஸ்லதான். வேலையில்லாதவங்களுக்குத் தர்ற உதவித்தொகையை நம்பாதீங்க, பத்தாவதுக்கு மாசம் 300 ரூபாய்தான், அதுக்கும் வயசு வரம்பு இருக்கு.

வைகைக்கரை:
அவர் சீட் இல்லைன்னா, எந்த ரூம்னு கையையாவது காட்டியிருக்கலாமே சார்.

ரிங்ஃபிரேம்:
கோவைப் பக்கம் எங்க ஸ்பின்னிங் மில்லை மூடினப்ப எனக்கு 51. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்னு சொன்னாங்க, போனேன். பேர் எழுதிட்டிருந்த பொண்ணு, "பையன் வரலையா அங்கிள்? அவங்க நேர்லதான் வரணும்"னுச்சு. எனக்குத்தான்மான்னு சொல்ல வாய் வரல. சரிம்மான்னு திரும்பிட்டேன். ஆண்களுக்கு ஐடிஐ 40 வயசோட சரி. எனக்குத் தெரிஞ்ச மில் வேலையை வச்சுக்கிட்டு வேற எதுக்குப் போகலாம்னு உக்காந்து பேச எந்த ஆபீஸ்ல ஆள் இருக்காங்க? ரிட்டையர்டு சார், தெரிஞ்சா சொல்லுங்க.