25ஆவது மணநாளுக்குக் கோட்டையில் ஓரிரவு: எது பொருந்தும்?

பொருநைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரியில் எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைகின்றன. மண்டபம் பிடித்து விருந்து வைக்கலாம் என்று பிள்ளைகள் சொன்னார்கள். என் கணவருக்கு அதில் விருப்பமில்லை. நாங்கள் ரெடிங்கில் குடியேறிய நாள்முதல் விடுமுறை கிடைத்தபோதெல்லாம் என்னைக் கோட்டை கோட்டையாக அழைத்துச் சென்று காட்டியவர் அவர். எங்கு போனாலும் மாலை ஆனதும் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால், இருட்டிய பிறகு அந்தச் சுவர்களுக்குள் இருப்பது எப்படியிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியதே இல்லை. அதை இந்த மணநாளுக்கு அவருக்குத் தர விரும்புகிறேன்.

கோட்டை என்று பெயர் மட்டும் தாங்கிய பிற்கால மாளிகையாக இல்லாமல், உண்மையிலேயே இடைக்காலத்தைச் சேர்ந்ததாக இருந்தால் மகிழ்ச்சி. அவருக்கு முழங்கால் வலி உண்டு. இருவரும் சைவ உணவுதான் உண்கிறோம். இங்கிலாந்தில் இப்படித் தங்கிய அனுபவம் உள்ளவர்கள் எதைத் தேர்ந்தெடுக்கலாம், முன்பதிவின்போது எவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்.

செவர்ன்வாசி:

வாழ்த்துகள், சகோதரி. ரெடிங்கிலிருந்து ஓரிரவுக்கு என்றால் நான் தயங்காமல் தார்ன்பரி கோட்டையைச் சொல்வேன். பிரிஸ்டலுக்கு வடக்கே இருக்கிறது. பிரிஸ்டல் பார்க்வே வரை ரயிலில் போய், அங்கிருந்து டாக்ஸி பிடித்தால் போதும். பக்கிங்ஹாம் கோமகன் எட்வர்ட் ஸ்டாஃபோர்ட் கட்டத் தொடங்கிய கோட்டை இது. வாயிலின் மேல் தம் பெயரோடு 1511 என்ற ஆண்டையும் கல்லில் பொறிக்கச் செய்தார். பத்தே ஆண்டுகளில், 1521இல், அரச துரோகக் குற்றம் சாட்டி மன்னர் எட்டாம் ஹென்றி அவருடைய தலையை வெட்டச் செய்து கோட்டையையும் பறித்துக்கொண்டதால், கட்டடம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. ஒரு பக்கம் குட்டையாகவே நின்றுபோன சுவர்களையும், மறுபக்கம் மடிப்பு மடிப்பாக வெளியே பிதுங்கி நிற்கும் கண்ணாடிச் சாளரங்களையும் அருகருகே பார்க்கும்போது, வேலை எந்த இடத்தில் நின்றது என்பது கண்கூடாகத் தெரியும்.

1535ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹென்றியும் அவருடைய மனைவி ஆன் பொலினும் இங்கே பத்து நாள் தங்கினார்கள். பிரிஸ்டலில் கொள்ளைநோய் பரவியிருந்ததால் நகருக்குள் போகாமல் இங்கேயே இருந்துவிட்டார்கள். அவர்கள் தங்கியதாகச் சொல்லப்படும் அறையிலேயே இன்று விருந்தினர் தங்கலாம். வரலாற்றில் நாட்டமுள்ள உங்கள் கணவருக்கு அதைவிடப் பெரிய பரிசு இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

வடதிசை:

தார்ன்பரி அழகான இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நாள் முடிந்து ஓராண்டு ஆவதற்குள், 1536 மே மாதத்தில், அதே ஹென்றி ஆன் பொலினின் தலையை வெட்டச் செய்தார். மணநாளைக் கொண்டாட அந்த அறை வேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். தவிர, அது மாளிகைபோல் வாழ்வதற்காகக் கட்டப்பட்ட கோட்டை. உண்மையான இடைக்காலக் காவற்கோட்டை வேண்டுமென்றால் வடக்கே வர வேண்டும்.

நார்தம்பர்லாண்டில் ஹெக்ஸம் நகருக்கு மேற்கே லாங்லி கோட்டை இருக்கிறது. 1350ஆம் ஆண்டு வாக்கில், ஸ்காட்லாந்து எல்லைச் சண்டைகள் ஓயாத காலத்தில் எழுந்தது. சுவரின் கனம் ஏறத்தாழ 7 அடி. அந்தக் கனத்தைக் குடைந்து சாளரத்தருகே இருக்கை அமைத்திருக்கிறார்கள். அதில் இருவர் எதிரெதிரே அமர்ந்து தேநீர் அருந்தலாம், வெளியே காற்று ஊளையிட்டாலும் உள்ளே பேச்சுக்குரல் தாழ்த்தியே பேசலாம். தென்மேற்குக் கோபுரத்தில் மாடிக்கு நான்காகப் பன்னிரண்டு பழங்காலக் கழிவறைகளின் கல்மாடங்கள் அப்படியே இருக்கின்றன. காவற்படையினர் எத்தனை பேர் இங்கே நெருக்கியடித்து வாழ்ந்திருப்பார்கள் என்பதை அவற்றைப் பார்த்தே ஊகிக்கலாம்.

நான் இதைச் சொல்வதற்கு முதன்மையான காரணம் வேறு. 1405இல் மன்னர் நான்காம் ஹென்றியின் படையெடுப்பில் எரிந்து கூரையிழந்த இக்கோட்டை, சுமார் ஐந்நூறு ஆண்டுகள் பாழாகவே கிடந்தது. 1882இல் காட்வாலடர் பேட்ஸ் என்ற வரலாற்றாய்வாளர் அதை வாங்கிச் சீரமைக்கத் தொடங்கினார். 1902இல் அவர் இறந்த பிறகு, மனைவி ஜோசஃபின் அந்த வேலையைக் கைவிடாமல், 1933இல் தாம் இறக்கும்வரை தொடர்ந்து நடத்தினார். ஒரு தம்பதி சேர்ந்து மீட்டெடுத்த கூரையின் கீழ் உங்கள் 25ஆவது மணநாள் இரவைக் கழிப்பது எவ்வளவு பொருத்தம்! தொலைவு அதிகம் என்பதால் ஓரிரவை ஈரிரவாக்கிக்கொள்ளுங்கள். மறுநாள் பக்கத்திலேயே ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரையும், விண்டொலாண்டா ரோமானியப் படைமுகாமையும் பார்த்துவிடலாம். ஒரு படைத்தலைவரின் மனைவி, தன் பிறந்தநாளுக்கு வரும்படி தோழியை அழைத்து எழுதிய மரப்பலகைக் கடிதம் கிடைத்தது அங்கேதான்.

கல்தச்சன்:

எந்தக் கோட்டையானாலும் சில செய்திகளைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். முதலாவது, அறை கோட்டையின் மூலக் கட்டடத்துக்குள் இருக்கிறதா என்பது. பல கோட்டை விடுதிகளில் பழைய குதிரைலாயத்தையும் வெளிக்கட்டடங்களையும் அறைகளாக்கியிருப்பார்கள். வசதிக்குக் குறைவிருக்காது, ஆனால் நீங்கள் தேடும் இரவு அங்கே கிடைக்காது.

முழங்கால் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. இவை சட்டப் பாதுகாப்பு பெற்ற கட்டடங்கள் என்பதால் மின்தூக்கி பொருத்துவது எளிதன்று. கோபுர அறைகளுக்குச் சுழல் படிக்கட்டில்தான் ஏற வேண்டியிருக்கும். நடுத்தூணை ஒட்டிய பக்கத்தில் படி கால்விரல் அளவே அகலமாக இருக்கும். நூற்றாண்டுக்கணக்கில் மிதிபட்டு நடுவில் குழிந்தும் இருக்கும். கைப்பிடிக்குச் சில இடங்களில் ஒரு கயிறுதான். ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குச் சோதனை. ஆகவே நேர்ப்படிக்கட்டு உள்ள, தாழ்வான தளத்து அறையைக் கேளுங்கள். நான்கு தூண் கட்டில்கள் பெரும்பாலும் உயரமானவை என்பதால், கட்டிலின் உயரத்தையும் விசாரிக்கலாம்.

சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. சூப்பில் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். பார்மேசான் பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் செய்யப்படுவது. அதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். சனிக்கிழமையைத் தவிர்ப்பதும் நல்லது. கோட்டை முழுவதையும் ஒரே திருமண வீட்டாருக்குக் கொடுத்துவிடும் நாள் பெரும்பாலும் அதுதான். வார நாள்களில் கட்டணமும் பொதுவாகக் குறைவு.

பொருநைக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆன் பொலினின் முடிவைப் படித்த பிறகு அந்த அறையில் எனக்குத் தூக்கம் வராது. தார்ன்பரியை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொள்கிறோம். லாங்லியில் இரண்டு இரவு தங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் மணநாள் வார நடுவில் வருவதும் நல்லதாகப் போயிற்று. மூலக் கட்டடத்துக்குள், சுழல் படிக்கட்டு ஏறத் தேவையில்லாத, சாளர இருக்கை உள்ள அறை கிடைக்குமா என்று நாளை காலை தொலைபேசியில் கேட்கப்போகிறேன். பாலாடைக்கட்டி பற்றியும் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

வடதிசை அவர்களிடம் இன்னும் ஒரு கேள்வி. விண்டொலாண்டாவில் அகழ்வாய்வுப் பகுதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் இடையே சரிவில் இறங்கி ஏற வேண்டியிருக்குமா? பிப்ரவரி ஈரத்தில் அவரை அங்கே நடத்திச் செல்லலாமா, அல்லது ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் திரும்ப வழியுண்டா?